பழுதாகும் நாளுக்கு முன்பே

(கோத்தகிரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமவெளியில் வெந்நீர் ஒரு சுகம். இந்த மலையில் அது சோற்றுக்கு அடுத்த தேவை. உதகை கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் கூடியிருக்கும் இந்த ஊரும் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். மார்கழி, தை விடியலில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்போது பச்சைத் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்ட யாருக்கு மனம் வரும்? பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வேண்டும். மழையில் நனைந்தபடி கொழுந்து பறித்துவிட்டு வருகிறவருக்கும், முட்டிவலிக்காரப் பெரியவருக்கும் வேண்டும். ஆகவே வெந்நீரைக் குறையுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அதை எதைக் கொண்டு சுட வைக்கிறோம், அந்தச் செலவை யார் சுமக்கிறார்கள் என்று உங்களோடு கணக்குப் பார்க்க வந்திருக்கிறேன்.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இது இயற்கை வைத்த அளவு. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒன்றேகால் வாளி என்றால் 100 லிட்டர். குழாய்த் தண்ணீர் 15 டிகிரியில் வருகிறது, குளிக்க 40 டிகிரி போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்ற வேண்டியது 25 டிகிரி. மொத்தம் ஏறத்தாழ 10,500 கிலோஜூல், மின்சாரக் கணக்கில் 2.9 யூனிட். விறகோ, கேஸோ, கரண்டோ, வெயிலோ, தண்ணீருக்குள் போய்ச் சேர வேண்டியது இந்த 2.9 யூனிட் வெப்பம்தான். இதைச் சேர்ப்பதற்குள் எவ்வளவு வீணாகிறது என்பதில்தான் ஒரு வழிக்கும் இன்னொரு வழிக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது.

விறகில் தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் அது இன்னும் முடிந்துபோன கதை இல்லை. மூன்று கல் வைத்து அண்டாவை ஏற்றும் அடுப்பில், விறகிலுள்ள வெப்பத்தில் ஆறில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போனாலே பெரிது. மீதி புகையாகவும் காற்றோடும் போய்விடுகிறது. அப்படியானால் அந்த 100 லிட்டருக்கு நாளொன்றுக்கு நான்கைந்து கிலோ காய்ந்த விறகு வேண்டும். ஆண்டுக்கு ஒன்றரை டன்னுக்குக் குறையாது. ஒன்றரை டன் விறகு தானாக வீட்டுக்கு நடந்து வராது. அதைச் சுமப்பவர்கள் பெண்கள். சோலை ஓரத்திலும் தேயிலைத் தோட்டத்து எல்லையிலும் சுள்ளி பொறுக்கி, தலைச்சுமையாகச் சரிவில் ஏறி வருகிறார்கள். அந்த வழியில் காட்டெருமை நிற்கிறது, கரடி நிற்கிறது. கோத்தகிரிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஈர விறகு. அது எரிவதைவிடப் புகைவதே அதிகம், அந்தப் புகை முழுவதும் அடுப்பு முன் குந்தியிருப்பவரின் நெஞ்சுக்குள் போகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. நாம் எரிப்பது பெரும்பாலும் சீகை மரம், கற்பூர மரம். இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டவை. சீகை புல்வெளிகளைத் தின்றுகொண்டே போகிறது, அதை வெட்டி அகற்ற வேண்டும் என்றுதான் சூழலியலாளர்களும் சொல்கிறார்கள். அப்படியிருக்க அதை எரித்தால் என்ன? அகற்றட்டும், வேண்டியதுதான். ஆனால் புல்வெளியை மீட்பது வனத்துறையின் திட்டமிட்ட பணி. ஒரு பெண் தினமும் விடியலில் தன் தலையில் ஏற்றிக்கொண்டு செய்து முடிக்க வேண்டிய பணி அல்ல. சுள்ளி பொறுக்கும் கை சீகையையும் சோலை மரத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை, அருகில் கிடைப்பதை எடுக்கும். அதற்காக அந்தக் கையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்தது கரண்ட். வாளிக்குள் விடும் ஹீட்டர் ராடும், குளியலறைச் சுவரில் தொங்கும் கெய்சரும் வெப்பத்தை ஏறக்குறைய முழுதாகத் தண்ணீருக்கே கொடுக்கின்றன. அந்த வகையில் வீண் இல்லை. ஆனால் மீட்டர் ஓடும். நாளைக்கு 2.9 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 175 யூனிட் ஆகிறது. கெய்சர் தொட்டியிலிருந்து சுவர் வழியே கசியும் சூடு இதற்கு மேல். நட்சத்திரக் குறியீடு அந்தக் கசிவைத்தான் அளந்து காட்டுகிறது, ஆகவே கெய்சரே வாங்குவதென்றால் நட்சத்திரத்தைப் பார்த்து வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். அந்த இலவசம் முழுவதையும் வெந்நீரே விழுங்கிவிட்டு, மேற்கொண்டு 75 யூனிட்டுக்குக் கட்டணமும் கேட்கிறது. பெரிய குடும்பங்களில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறி, கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் கூடுதலாகக் கட்ட நேர்கிறது. அந்தக் கோட்டைத் தாண்ட வைப்பது பல வீடுகளில் கெய்சர்தான்.

பைக்காராவில் 1932இலிருந்து மின்சாரம் எடுக்கிறார்களே, குந்தா மின்நிலையங்கள் இருக்கின்றனவே, நம் மலைத் தண்ணீரில் பிறக்கும் கரண்ட் தூய்மையானதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. மின்சாரம் ஊருக்கு ஊர் தனித்தனியாக ஓடுவதில்லை. எல்லாம் ஒரே வலைப்பின்னல். காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் லட்சக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் கெய்சரைப் போடும்போது வெயில் இன்னும் ஏறியிருக்காது, சூரிய மின்சாரம் வந்திருக்காது. அந்த நேரத்துத் தேவையை நிலக்கரியும் அணைத் தண்ணீரும் சேர்ந்து தாங்குகின்றன. நம் அணையில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் வேறெங்கோ ஒரு கரித்துண்டை மிச்சப்படுத்தும்.

கேஸ் கெய்சரைப் பற்றி ஒன்றே ஒன்றைச் சொல்லி நகர்கிறேன். செலவு மிதம்தான், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் இந்த 100 லிட்டர் கணக்குக்கு ஏறத்தாழ 50 நாள் ஓட்டலாம். ஆனால் அதைக் குளியலறைக்குள் மாட்டிக் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, கண்ணெரிச்சல் கிடையாது. குளிக்கப் போனவர் வெளியே வராத செய்திகளைப் பத்திரிகைகளில் நீங்களே படித்திருப்பீர்கள். குளிருக்குப் பயந்து காற்று வரும் வழியையெல்லாம் அடைத்து வைக்கும் மலை வீடுகளில் இந்த ஆபத்து இரட்டிப்பு. ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் தயவுசெய்து இந்த வாரமே அதைக் குளியலறைக்கு வெளியே மாற்றுங்கள். இன்று நான் சொல்வதில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இனி வெயிலுக்கு வருகிறேன். மொட்டை மாடியில் கண்ணாடிக் குழாய்களைச் சாய்த்து, அவற்றின் தலைமாட்டில் உருளைத் தொட்டி வைத்த கருவியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். மோட்டாரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். 100 லிட்டர் கருவி இன்றைய சந்தையில் 15,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பெங்களூரில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். இஸ்ரேலில் 1980இலேயே புது வீடுகளுக்குச் சட்டம் போட்டார்கள். சைப்ரஸ் தீவில் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு மேல் இதுதான் வெந்நீர். ஆக, இது சோதனை நிலையில் இருக்கும் பொருள் அல்ல.

ஆனால் சைப்ரஸில் நடந்தது இங்கே அப்படியே நடக்காது. மலைக்கென்று சில சங்கடங்கள் இருக்கின்றன. விற்பவர்கள் அவற்றைச் சொல்வதில்லை. கோயம்புத்தூரில் விற்கும் அதே கருவியை அதே பேச்சோடு இங்கும் விற்கிறார்கள். அதனால்தான் இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

முதலாவது உறைபனி. 1909இல் கலிஃபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர், வெயில் படும் தகட்டைக் கூரையிலும் தொட்டியைச் சூடு கசியாத உறைக்குள்ளும் தனித்தனியாக வைத்து, இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்துக்கு அடிப்படை போட்டார். பகலில் சுட்ட தண்ணீர் இரவிலும் சூடாக இருந்தது, வியாபாரம் நன்றாக நடந்தது. 1913 ஜனவரியில் தென் கலிஃபோர்னியாவில் வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர் வந்தபோது, தகட்டுக் குழாய்களில் தண்ணீர் உறைந்து விரிந்து தாமிரம் வெடித்தது. பெய்லி துவண்டுவிடவில்லை. தகட்டுக்குள் தண்ணீருக்குப் பதிலாக ஆல்கஹால் கலந்த, எளிதில் உறையாத நீரைச் சுற்றவிட்டு, அதன் சூட்டைத் தொட்டிக்குள் ஒரு சுருள் வழியாகக் கடத்தினார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் காந்தலுக்கும் தலைக்குந்தாவுக்கும் உரிய தீர்வு அதுதான். தெளிந்த வானமுள்ள இரவில் தகடு தன் சூட்டை வானத்துக்கே இறைத்துவிடும். காற்று 2, 3 டிகிரியில் இருக்கும்போதே தகடு பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஆகவே பனி விழும் பள்ளங்களில் தாமிரத் தகட்டுக் கருவி வாங்குவதென்றால் சுருள் வைத்ததாக வாங்க வேண்டும். இல்லையென்றால் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்க் கருவி. குழாயின் இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே காற்றே இல்லாததால் சூடு வெளியேறாது, பனி அதை அண்டுவதும் அரிது. ஆனால் தொட்டிக்குப் போய்வரும் சாதாரணக் குழாய்கள் உறையும். அவற்றுக்கு உறை போட வேண்டும்.

இரண்டாவது மழை. ஆனி, ஆடியில் கூடலூர், நடுவட்டம், மேல் குந்தா பக்கம் சூரியனைப் பார்க்கவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை கனம். ஆகவே ஆண்டு முழுவதும் வெயிலே போதும் என்று சொல்லும் எவரையும் நம்பாதீர்கள். தொட்டிக்குள் துணைக்கு ஒரு மின் சுருள் வேண்டும், அதைக் கையாளும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் அந்தச் சுவிட்சை ஒருமுறை போட்டவர்கள் அணைப்பதே இல்லை. இரவெல்லாம் கரண்ட் தொட்டியைச் சூடாக்கிவிடுகிறது, காலையில் வெயில் வரும்போது அதற்குச் செய்ய வேலையே இல்லை. மாடியில் சோலார் இருந்தும் பில் குறையவில்லையே என்று வருந்தும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சுவிட்சைத்தான். வெயில் சாய்ந்த பிறகு தொட்டியைத் தொட்டுப் பார்த்து, போதாதென்றால் மட்டும் அரைமணி நேரம் போட்டால் போதும்.

மூன்றாவது தண்ணீர்த் தட்டுப்பாடு. குன்னூரில் குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை. மேல்தொட்டி காய்ந்து, வெயில் நேரத்தில் கண்ணாடிக் குழாய்கள் வெறுமையாகக் கொதித்துக்கொண்டிருக்கும்போது பச்சைத் தண்ணீர் உள்ளே பாய்ந்தால் கண்ணாடி விரிசல் விடும். தண்ணீர் நின்றுபோன நாட்களில் சாயங்காலமோ விடிவதற்கு முன்போதான் நிரப்ப வேண்டும். இந்த ஒரு சொல்லை வீட்டுக்காரரிடம் யாரும் சொல்லாததால் உடைந்த குழாய்கள் எத்தனையோ. குரங்குகள் உடைப்பதும் உண்டு, அதற்குக் கம்பி வலை போதும்.

நான்காவது குழாயின் நீளம். அரை அங்குலக் குழாயில் மீட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லி தண்ணீர் நிற்கிறது. மாடியிலிருந்து குளியலறைக்கு 20 மீட்டர் ஓடினால் மூன்றரை லிட்டருக்கு மேல் ஆறிய தண்ணீரைத் திறந்துவிட்டபின்தான் சூடு வரும். அது வீணாகிறது. அடுத்தவர் குளிக்க அரைமணி தாமதித்தால் இன்னொரு மூன்றரை லிட்டர். கருவியைக் குளியலறைக்குப் பக்கத்தில் வைப்பதும், வெந்நீர்க் குழாய்க்கு உறை போடுவதும் அதிகம் செலவில்லாத வேலைகள். பிளம்பர் நினைத்தால் ஒரு பிற்பகலில் முடித்துவிடுவார்.

வெயில் படாத வீடுகள் இருக்கின்றன. சரிவின் வடபுறத்தில், உயர்ந்த மரங்களுக்கு நடுவில் இருப்பவை. வாடகை வீடு என்பதால் மாடியே கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஹீட் பம்ப் உண்டு. குளிர்பதனப் பெட்டியின் முதுகைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளிருக்கும் சூட்டை அது வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் அதே வேலையைத் திருப்பிச் செய்து, வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தொட்டித் தண்ணீருக்குள் தள்ளும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். இங்குள்ள குளிரில் அது இரண்டரைக்கு இறங்கலாம், குளிர் கடுமையானால் இன்னும் குறையும். இரண்டரை என்றே வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 175 யூனிட் ஆன இடத்தில் 70 யூனிட்டில் முடிந்துவிடும். விலை அதிகம், சோலார் கருவியைப்போல் பல மடங்கு. ஓடும்போது மின்விசிறிச் சத்தம் வரும், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே வைக்கக் கூடாது. நடுப்பகலில், காற்று சூடாக இருக்கும் நேரத்தில் ஓடும்படி டைமர் வைத்தால் இரட்டை லாபம். கருவிக்கும் எளிது, வலைப்பின்னலிலும் அப்போது சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் இரவு நேரத்து மலிவு மின்சாரத்தில் சூடான தொட்டிகளை இப்போது நடுப்பகலுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், காரணம் இதுவே.

அரசின் உதவி இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சூரிய வெந்நீர்க் கருவிக்கு ஒரு காலத்தில் மத்திய அரசு மானியம் தந்தது, பிறகு நிறுத்திவிட்டது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை தருகிறது. ஆகவே வசதியும் கூரையும் உள்ள வீடு, மின் தகடு போட்டு அதில் ஹீட் பம்பை ஓட்டுவது கணக்குக்கு ஒத்துவரும். என் மனவருத்தம், 20,000 ரூபாய்க் கருவி வாங்க முடியாத வீட்டுக்கு இதில் ஒன்றும் இல்லை என்பதுதான். விறகு சுமக்கும் வீடு அதுதான். வெந்நீர்க் கருவிக்கான மானியத்தை மலை மாவட்டங்களுக்காவது திரும்பத் தர வேண்டும் என்று நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் தெரிந்த பிறகும் வீடுகள் ஏன் மாறுவதில்லை? மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்பார்கள். எனக்கு அது உண்மையாகப் படவில்லை. வெந்நீர்க் கருவியை யாரும் நல்லாயிருக்கும்போது மாற்றுவதில்லை. ஜனவரி மாதம் ஒரு காலையில் கெய்சர் ஒழுகத் தொடங்கும். வீட்டில் காய்ச்சலோடு ஒரு குழந்தை இருக்கும். பிளம்பரைக் கூப்பிடுவார்கள். கடையில் அன்று கையிருப்பில் உள்ள அதே வகைக் கெய்சரை அவர் மதியத்துக்குள் மாட்டிவிட்டுப் போவார். அடுத்த பத்தாண்டுக்கான முடிவு அந்த அரை நாளில் எடுக்கப்பட்டுவிட்டது. யார்மீதும் பிழையில்லை. மாற்று வழி அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே முடிவைக் கருவி பழுதாவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். ஒரு வீடு தனியாக இதைச் செய்வது கடினம், ஊர் செய்யலாம். இந்த மலைக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. சிறு தேயிலை விவசாயிகள் தங்கள் கொழுந்துக்குக் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் அமைத்தார்கள், அவற்றை ஒருங்கிணைக்க இண்ட்கோசர்வ் என்ற கூட்டமைப்பு வந்தது. தனியாளாக நின்றால் விலை பேச முடியாது என்று கண்டவர்கள் நாம். அதே வழியில் ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில், நாற்பது வீடு சேர்ந்து, எந்த வீட்டுக்கு வெயில் போதும், எந்த வீட்டுக்கு ஹீட் பம்ப், எந்த வீட்டில் இருக்கும் கெய்சருக்கு வயதாகிவிட்டது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். கருவியை மொத்தமாக வாங்கலாம். உதிரிக் கண்ணாடிக் குழாய்களும் ரப்பர் வளையங்களும் ஊரிலேயே ஒரு பெட்டியில் இருக்கலாம். ஊர்க்காரர் இரண்டு பேருக்குப் பழுது பார்க்கப் பயிற்சி தரலாம். கடைசியாகச் சொன்னதுதான் இவற்றில் முக்கியம். மலைமேல் ஒரு ரப்பர் வளையம் மாற்ற மேட்டுப்பாளையத்திலிருந்து ஆள் வர வேண்டுமென்றால், முதல் ஒழுகலிலேயே அந்தக் கருவி கைவிடப்படும்.

லைன் வீடுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளிலும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்காக அமைந்த அரசுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் வீட்டுக்கு வீடு கருவி வைக்க இடமில்லை. தகரக் கூரை 150 கிலோ பாரத்தைத் தாங்காது. ஆனால் அங்கே ஒரு பெரிய வசதி உண்டு. சமவெளிக் குடும்பம் விடியலில் குளிக்கிறது, வெயிலில் சுட்ட தண்ணீர் ஒரு இரவு முழுவதும் ஆறிக்கொண்டே காத்திருக்க வேண்டும். கொழுந்து பறிப்பவர்கள் வேலை முடிந்து மாலையில் குளிக்கிறார்கள். தண்ணீர் மிகச் சூடாக இருக்கும் நேரமும் அதுதான். லைனுக்கு ஒரு பொதுக் குளியலிடம், பக்கத்தில் தரையிலேயே இரும்புத் தாங்கியில் சில கருவிகள், மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி. இந்த மாவட்டத்தில் சூரிய வெந்நீருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று உறுதியாகச் சொல்வேன். பள்ளி விடுதிகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இதற்கு அடுத்து வரும்.

மழைக்கு முன் வேலை முடிய வேண்டுமென்றால் சித்திரைக்குள் கருவிகள் மாடி ஏற வேண்டும். அதனால் விற்பவர்களிடம் பேசும் வேலையை இந்த மாதமே தொடங்கலாம். ஒப்பந்தத்தில் மூன்றை எழுதி வாங்குங்கள். உறைபனியால் உடைந்தால் மாற்றித் தரும் பொறுப்பு அவர்களுடையது. ஊர்க்காரர் இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுக்காமல் கடைசித் தவணை தர மாட்டோம். கருவி பொருத்தி ஒரு குளிர்காலமும் ஒரு மழைக்காலமும் கடந்தபிறகு, அவர்கள் செலவிலேயே ஒருமுறை வந்து ஒவ்வொரு வீட்டையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும். பின்வரிசையில் நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் இப்போது எதில் தண்ணீர் சுடுகிறது, அந்தக் கருவிக்கு எத்தனை வயது, மாடியில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்ற மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். விறகு என்று எழுதும் வீடுகளுக்கு முதலில் வருகிறோம்.